கட்டிலில் வந்தவர்

சிக்குன்குனியா வந்து நகரி ஊரே நொண்டிக்கினு நடந்த வருஷம் அது. தரையில் படுத்தால் எழ முடியாத கன்னியப்பனுக்கு நல்ல கட்டிலாக வாங்கச் சொல்லி, குவைத்திலிருந்து மகன் போன் செய்தான். மருமகள் உதயாவோடு திருப்பதிக்குப் போனவர், "படுத்துப் பாக்காம கட்டில் வாங்குறவன் மடையன்" என்று கடையிலேயே படுத்துப் பார்த்தார். அதோடு சரி. முட்டியும் இடுப்பும் பூட்டிக்கொண்டன. தொட்டாலே அலறினார். வேறு வழியில்லாமல் கட்டிலோடு அவரையும் சேர்த்து வேனில் ஏற்றிவிட்டார்கள்.

அவர் தெருவுக்குள் வேன் நுழையவில்லை. நாலு பேர் கட்டிலைத் தோளில் தூக்கினார்கள். சாவு போனால் மட்டும் பவர்லூம் தறியை நிறுத்துகிற தெரு அது. முதல் வீட்டுத் தறி நின்றது. அடுத்ததும் நின்றது.

"அடப்பாவிங்களா, நான் உயிரோடதான்டா கீறேன்!"

மிச்சத் தறிகளின் இரைச்சலில் அது யார் காதில் விழும்? போதாக்குறைக்குப் பின்னால் உதயா, மானம் போகிறதே என்று அழுதுகொண்டே வந்தாள்.

ரெண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் பாகச் சுவர் தகராறில் பன்னிரண்டு வருஷமாகப் பேசாத தம்பி தேவராஜன், "அண்ணா, என்னை உட்டுட்டுப் பூட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து கட்டில் காலைக் கட்டிக்கொண்டார். கன்னியப்பன் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"டேய் தேவு..."

தேவராஜன் நிமிர்ந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடுவிடுவென்று வீட்டுக்குள் போனார். தெருவில் மறுபடி முதலில் ஓட ஆரம்பித்தது அவர் தறிதான்.

இன்னும் ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கினு கெடந்திருக்கலாமே என்று கன்னியப்பன் தன்னையே திட்டிக்கொண்டார்.