எல்லைக்கல்லில் ஒரு கடி

பல் முகாமுக்கு இடம் பார்க்க வந்த டாக்டரைக் கண்டதும் வீரணனுக்கு மேல் ஈறு தினவெடுத்தது. முன்பல் இரண்டு இருந்த இடம் அது.

எண்பத்து நாலில் பல் காலேஜ் வேன் முதல்தடவை ஊருக்கு வந்தபோது வீரணன் செம்மறி மேய்த்துக்கொண்டிருந்தார். கடைவாயில் வலி என்று போய் உட்கார்ந்தார். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்பு ஏறியிருக்கும். பல் என்னவோ கருங்கல்தான். ஆஸ்டின் என்ற படிக்கிற பையன் பழுப்பைச் சொத்தை என்று நினைத்து முன்பல் இரண்டையும் பிடுங்கிப் போட்டான். சொல்லிக்கொடுக்க வந்த பெரிய டாக்டர் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வலித்த பல் வலித்தபடியே கிடந்தது.

பல்லோடு சீட்டியும் போனது. அவர் சீட்டி அடித்தால் ரெட்டியபட்டிக் கரிசல்வரை பரவிக் கிடக்கிற ஆடு திரும்பும். அதற்கப்புறம் வாயில் வெறும் காற்றுதான் வந்தது. திருச்சுழி ரோட்டில் ஆடுகள் லாரிக்கு முன்னால் பாய்ந்து செத்தன. மிச்சத்தை விற்றுவிட்டு, பரம்பரையாக வந்த காளி கோயில் பூசையோடு நின்றுகொண்டார்.

இப்போது தொண்ணூற்று மூணு. அதே ஆஸ்டின், தலை சொட்டை விழுந்து, பல் காலேஜ் பிள்ளைகளுக்கு வாத்தியாராகி வந்து நிற்கிறான். வீரணன் நேரே கோயிலுக்குப் போனார். அம்மன் உத்தரவு என்று சொல்லி, பங்குனிப் பொங்கலுக்கான காப்பை முகாமுக்கு முந்தின நாளே கட்டிவிட்டார். காப்புக் கட்டினால் கிடாய் வெட்டுவரை ஊர் எல்லைக்குள் சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது. சவரக்கத்திகூட எடுக்கமாட்டார்கள். பூசாரி எல்லையைத் தாண்டவும் கூடாது.

காலையில் பிள்ளைகள் குறடும் கையுமாக நின்றார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தது.

"சுத்தமாச்சும் பண்ணிவிடுறோம்யா," என்றான் ஆஸ்டின்.

"ஈறுல ரத்தம் வராமப் பண்ணுவீகளோ? மூட்டையக் கட்டுங்க."

வீரணன் மகள் அழகுத்தாய்க்குக் கன்னம் வீங்கிக் கண்ணே இடுங்கியிருந்தது. இந்த முகாமைத்தான் நம்பியிருந்தாள்.

"யப்பா, எனக்குமா?"

"கிடாய் வெட்டு முடியட்டும்."

"அதுக்கு மொதல்ல என்னைய வெட்டிப் போட்டுரு," என்றவள், டாக்டர் நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். எல்லைக்கல்லைத் தாண்டி அடுத்த ஊர்ப் புஞ்சையில் போட்டு உட்கார்ந்தாள். "இங்கிட்டு ரத்தம் சிந்துனா ஆத்தா கேக்கமாட்டா."

ஊரே பின்னால் போனது. வீரணன் மட்டும் கல்லுக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்றார்.

"வாய மூடும் பூசாரி, ஈ போகுது," என்றான் வரிசையில் நின்ற தங்கசாமி.

அழகுத்தாயின் பல்லை எடுத்த கையைக் கழுவிக்கொண்டு ஆஸ்டின் கல்லருகே வந்தான்.

"ஐயா, உங்க முன்பல்லு எப்படிப் போச்சு?"

மறந்திருக்கிறான். மறந்தே போயிருக்கிறான். வீரணனுக்கு உச்சி காய்ந்தது.

"ஒரு களவாணி கொண்டுபோயிட்டான்."

"கவலைப்படாதீங்க, புதுசு கட்டித் தாரேன். கடைவாய் தாங்குமான்னு பாக்கணும். ஆ காட்டுங்க."

வீரணன் நன்றாகவே காட்டினார். டாக்டர் கல்லுக்கு மேலே குனிந்து, வெறும் விரலை உள்ளே விட்டுப் பல்லை ஆட்டிப் பார்த்தான். அன்றைக்குப் பிடுங்காமல் விட்ட பல் அது. வலி செத்து உறுதியாகக் கிடந்தது. அதை வைத்தே கடித்தார். பிள்ளைகள் ஓடிவந்து தாடையை நெம்பித்தான் விரலை மீட்டார்கள்.

ரத்தம் வீரணன் தாடையில் வழிந்து காலடி மண்ணில் சொட்டியது. கல்லுக்கு இந்தப் பக்கம்.

அழகுத்தாய் வாயில் பஞ்சோடு அலறினாள்: "யப்பா, ஊருக்குள்ள விழுந்திருச்சே! இனி உன்னைய கோயில் வாசல் மிதிக்க விடுவாகளா?"

வீரணன் மண்ணைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்த காப்பை மஞ்சள் கயிறோடு தானே அறுத்துக் கல்மேல் வைத்தார்.

"வேற எவனுக்காச்சும் கட்டிக்கிருங்க," என்றவர், விரலைப் பிடித்துக்கொண்டு துடித்தவன் பக்கம் திரும்பினார். "ஏலே ஆஸ்டினு, இனி மறக்கமாட்டேல்ல?"