எட்டுத் துடுப்பின் சத்தம்

பேச்சுதான் அவளுக்குப் பிழைப்பு. எட்டுப் பெண்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டித் துடுப்பு வலிப்பார்கள். அவர்களுக்கு எதிரே, படகின் வாலில் சுண்டெலி போல ஒடுங்கி உட்கார்ந்து, சுக்கானைப் பிடித்தபடி மைக்கில் விரட்டுவது அவள் வேலை. வெளிநாட்டு ஏரிகளிலும் அந்தக் குரல் கேட்டிருக்கிறது. தோழிகள் வைத்த பெயர் வாயாடி.

உலகப் போட்டிக்கு ஒரு சுக்கானிக்குத்தான் இடம். கேட்டு நின்றவர்கள் இருவர். இருவரும் அதே எட்டுப் பேரை ஓட்டிக் காட்ட வேண்டும். மைக்கில் பேசுவது பதிவாகும், பயிற்சியாளர் அதையும் கேட்டுத்தான் முடிவெடுப்பார். முந்தின நாள் மற்றவள் தொண்டை கிழியக் கத்தியிருந்தாள்.

"இன்னைக்கு நீ அவளைவிடக் கத்தணும்," என்றாள் எதிரே அமர்ந்திருந்த முதல் துடுப்புக்காரி.

"கத்துறதுக்கா எனக்குப் பஞ்சம்? உன் காதைப் பத்திரமா வெச்சுக்கோ."

புறப்பட்டதும் கத்தினாள். பாதி தூரத்தில் ஏதோ மாறியது. எட்டுத் துடுப்பும் ஒரே 'தொப்'பென்று விழுந்தன. படகு தண்ணீரை விட்டு எழும்பியது போலிருந்தது. நாக்கு நுனிவரை வந்த கட்டளையை விழுங்கினாள். பேசினால் இது கலையும். பேசாவிட்டால் பதிவில் ஒன்றும் இருக்காது, இடம் கைநழுவலாம். சுக்கானை நேராகப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டாள். முடிவுக்கோடு நெருங்கியதும், கடைசி வேகத்துக்கு ஒரே ஒரு "இப்போ!" மட்டும்.

"மைக் புட்டுக்கிச்சா?" மூச்சிரைத்தாள் துடுப்புக்காரி.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன்டி ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தே? அவர் என்னத்தைக் கேப்பாரு?"

"நீங்க இழுத்ததைக் கேக்கட்டும்."

இரண்டு ஓட்டத்துக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். படகுக் கொட்டகையில் பயிற்சியாளர் பதிவை ஓடவிட்டார். தொப். தொப். தொப். திருப்பிப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

"இங்க ஏன் பேசலை?"

"சொல்ல ஒண்ணும் இல்லை சார். எல்லாம் சரியா இருந்துச்சு."

"இடம் போயிடும்னு பயம் இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா நல்லா ஓடுற படகைக் கெடுக்க மனசு வரலை."

அவர் கருவியை அணைத்தார். "நேத்து அவ குரலைக் கேட்டேன். இன்னைக்குப் படகைக் கேட்டேன். பாஸ்போர்ட் தேதியைப் பார்த்து வெச்சுக்கோ."

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கா எடுத்தாங்க? அதைத்தானேடி பொறந்ததுலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்!"

"அது இல்லம்மா, கேளு..." என்று ஆரம்பித்தாள். அதன்பின் அம்மாவுக்கு "உம்" கொட்டக்கூட இடம் கிடைக்கவில்லை.