இப்போதைக்கம்மா

ஒதிலியா பரஹோனா கடைசிப் படியிலிருந்து இறங்கிக் கீழ்ப்பட்டணத்துத் தரையில் கால் வைத்தால் கிளாவெல் குன்றில் இரண்டு பெட்டிகளில் ஆட்களை ஏற்றி இறக்கும் வின்ச் நின்றுவிடும். எங்கள் துறைமுக ஊரான வால்பராய்சோவில் மீன் விலை ஏறுவதுபோல எங்களுக்கு இதுவும் பழகிய சங்கதி. எங்கள் பக்கத்தில் இயந்திரப் பொறியியல் படித்த முதல் பெண் அவர். கப்பல் எஞ்சின் செய்வதற்காகவே படித்தார். வின்ச் கம்பெனிக்காரர்களோ, "ஆம்பள ஒருத்தர் கிடைக்கிற வரைக்கும் இப்போதைக்கு நீங்க பாத்துக்குங்க" என்று உச்சியிலிருந்த சக்கர அறையின் சாவியைக் கொடுத்தார்கள். நாங்கள் சும்மா இருப்போமா? அன்றைக்கே இப்போதைக்கம்மா என்று பேர் வைத்துவிட்டோம்.

மறு ஆண்டு துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் கூப்பிட்டார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். தரையில் கால் பட்டதும் இரண்டு பெட்டிகளும் நடுச்சரிவில் நின்றன. ஒன்றில் நிறைமாதக்காரி எர்மெலிந்தா, நண்டுக் கூடையோடு. அவளுடைய அலறல் கேட்டு ஒதிலியா திரும்பிப் படியேறினார், சக்கரம் சுற்றியது. பெட்டி உச்சிக்கு வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பட்டறை வேலை வேறொருவருக்குப் போயிற்று.

கம்பெனி அனுப்பிய ஆம்பளைகள் வந்து எண்ணெய் விட்டார்கள், நெம்புகோலை இழுத்தார்கள், சக்கரத்தைத் திட்டினார்கள். அவர் குன்றில் இல்லாவிட்டால் அது அசையவில்லை. ஒதிலியாவே அதைப் பல் பல்லாகக் கழற்றிப் பார்த்தார். பழுது இல்லை. இருந்திருந்தால் சரிசெய்துவிட்டுப் போயிருப்பார், அதுதான் கொடுமை. சக்கர அறைக்கு மேலேயே அவருக்கு ஒரு வீடு கட்டினார்கள். நாங்களும் பாசத்தில் குறைவைக்கவில்லை. ரொட்டியும் மீன்குழம்பும் கொண்டுபோனோம். அவர் இறங்கப்போகிறார் என்று தோன்றினால் எங்களில் யாராவது ஓடிப்போய்ப் பெட்டியில் உட்கார்ந்துகொள்வார். வெட்கக்கேடுதான். என்ன செய்வது, படிகள் அத்தனை செங்குத்து. கம்பெனியில் முதலாளிகள் மாறினார்கள், அந்த 'இப்போதைக்கு' மாறவில்லை. அவருக்குத் தலை நரைத்தது.

ஒருநாள் மீன் கொடுக்கப் போன எர்மெலிந்தா, அவர் ஜன்னலில் நின்று கடலைப் பார்த்து, "அந்தக் கப்பல்ல மூணாவது சிலிண்டர் தட்டுது" என்று தனக்குத்தானே சொல்லி அழுவதைக் கண்டாள். நேரே வின்ச் வரிசைக்கு வந்தாள்.

"ஏண்டி, நமக்குக் கால் எதுக்கு இருக்கு? செருப்பு மாட்டவா?"

"உனக்கென்ன. எனக்கு முட்டி போச்சு" என்றாள் ஒருத்தி.

"பெட்டிக்குள்ள புள்ள பெத்தவ நான். எங்கிட்ட முட்டியப் பத்திப் பேசாத."

அடுத்த ஞாயிறு யாரும் பெட்டியில் ஏறவில்லை. குன்றே படிகளின் ஓரமாக நின்றது. எர்மெலிந்தா கதவைத் தட்டினாள்.

"இறங்குங்கம்மா. பெட்டி ரெண்டும் காலி."

"அப்ப நீங்கல்லாம்?"

"நாங்க இப்போதைக்கு நடக்கிறோம்."

அவர் கால் தரையைத் தொட்டது. வின்ச் நின்றது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் பட்டறையில் எஞ்சின் ஓடும்போதே காது வைத்துப் பழுதைச் சொன்னார், சேர்த்துக்கொண்டார்கள். கீழேயே குடியேறினார்.

ஞாயிறுதோறும் மாலை எர்மெலிந்தா வீட்டுக்கு டீ குடிக்க வருகிறார். அவர் குன்றில் இருக்கும்வரை வின்ச் ஓடுகிறது. மாவு மூட்டை, அடுப்பு, அலமாரி, முட்டி போனவர்கள் எல்லாம் அந்நேரத்தில்தான் ஏறவேண்டும். கோப்பை காலியானதும் எர்மெலிந்தா மறுபடி நிரப்பிவிடுவாள். ஒதிலியா ஜன்னல் வழியாகக் கீழே வரிசையைப் பார்ப்பார், சிரிப்பார், கடைசி ஆள் ஏறும்வரை மெதுவாகக் குடிப்பார்.