காரணமின்றித் தாக்கினாள்

கழுத்தில் பத்து விரல்கள், சோப்பு நுரையின் ஈரத்தோடு, குளியலறைச் சுவரில் என் பின்மண்டை மோதுகிறது, எதிரே நோயாளி தங்கபுஷ்பத்தின் கண்கள், ஆனால் அவை என்னைப் பார்க்கவில்லை, வேறு யாரையோ பார்த்து வெறிக்கின்றன, கத்தப் பார்க்கிறேன், மூச்சு வரவில்லை, விடு புள்ள, சிஸ்டர விடு என்று எஸ்தர் அக்கா ஓடிவந்து விரல் விரலாகப் பிரித்தெடுக்கிறாள், மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டில் அவள் இருபது வருடமாக உதவியாளர், நான் அங்கே நர்ஸாக வந்து ஏழு மாதம்.

அதன்பிறகு மூன்று வாரம் விடுப்பு, அந்த விரல்கள் வீட்டுக்கும் வந்துவிட்டன, பேருந்தில் பின்னாலிருப்பவர் என் இருக்கையைப் பிடித்தாலே குனிந்துகொள்கிறேன், தூக்கத்தில் யாரோ கழுத்தை வளைக்கிறார்கள், உதறித் தள்ளிவிட்டுக் கண் விழித்தால் விடிந்திருக்கிறது, அம்மா எழுந்திரி என்று கட்டிக்கொண்ட என் மகள் சுவரோரம் விழுந்து அழுகிறாள், அவளைத் தூக்கக்கூடத் தோன்றாமல் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி வேலைக்குப் போன அன்று வார்டு வாசலிலேயே கால் நின்றுவிட்டது, எஸ்தர் அக்காதான் பக்கத்தில் வந்து, நீங்க லீவுல இருக்கும்போது டாக்டரம்மா தங்கபுஷ்பத்துகிட்ட உக்காந்து பேசுனாங்க சிஸ்டர், ஏன் அடிச்சேன்னு கேக்கல, ஒனக்கு எது பயம்னு கேட்டாங்க, பின்னாலேருந்து யாரு தொட்டாலும் புருஷன்னு நெனச்சிருதேன்னு சொன்னா, அவன் அப்படித்தான் வந்து கழுத்தப் பிடிப்பானாம் என்றாள். அன்று குளியலறையில், குளித்தது போதும் வா என்று பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தது நான்தான், அறிக்கையில் அதை எழுதாமல், காரணமின்றித் தாக்கினாள் என்று எழுதியிருந்தேன், அந்த ஒரு வரிக்காக இரண்டு நாள் அவளைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தார்கள். எஸ்தர் அக்கா சொன்ன அன்றைக்கே அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

இப்போது யாரும் அவளைப் பின்னால் போய்த் தொடுவதில்லை, முன்னால் வந்து, பெயர் சொல்லி, கேட்டுவிட்டுத்தான் எதுவும், அவளும் யார்மேலும் கை வைக்கவில்லை, எல்லாம் சரி, என் பயம்தான் போகவில்லை, மாத்திரைத் தட்டோடு போகிறேன், தங்கபுஷ்பம், சிஸ்டர் வந்திருக்கேன், கிட்ட வரட்டுமா, அவள் சட்டென்று எழுந்து நிற்கிறாள், கதவு எத்தனை எட்டில் என்று மனம் அளக்கிறது, அன்னைக்கு ஒன்னப் பின்னால வந்து இழுத்தது நான்தான், தப்பு என்னோடது, அதை எழுதிக் கொடுத்துட்டேன் என்கிறேன், அவள் என் கையையே பார்க்கிறாள், தட்டு ஏன் இப்படி ஆடுது சிஸ்டர், என்னப் பாத்தா பயமா, ஆமா என்கிறேன், பொய் சொல்ல வாய் வரவில்லை, அவள் மெல்லப் பின்னால் நகர்கிறாள், கட்டிலைத் தாண்டி, ஜன்னல்வரை போய், இரண்டு கைகளையும் எனக்குத் தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டு கேட்கிறாள், இவ்வளவு தூரம் போதுமா சிஸ்டர்.