பிளேபென் என்னும் பட்டி

கவியரசன் குழந்தைச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியின் இணையதளத்துக்கு எழுதுகிறவன். 'என்ன அருமையான அப்பா' என்று படித்தவர்களெல்லாம் மெச்சும் எழுத்து. தொம்மலூர் வாடகை வீட்டில் அதே கை எழுதியதைப் படிக்க வேண்டுமானால் மனைவி தாரணியின் முதுகைப் பார்க்க வேண்டும்.

அவன் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். உடனே இரண்டு வயது மகள் வைஷ்ணவியைத் தூக்கி, குழந்தை விளையாடச் சுற்றிலும் வலை கட்டிய பிளேபென்னுக்குள் விட்டு, அதன் வலைக்கதவின் ஜிப்பை இழுத்துவிடுவாள். அடி தன்னோடு போகட்டும், குழந்தைமேல் படக்கூடாது. வேறு வேண்டுதல் அவளுக்கில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் நல்ல மூடில் இருந்தான். 'பிளேபென்' என்ற சொல் பிறந்த கதையை எழுதிக்கொண்டிருந்தான்.

"'பென்'னா பழைய இங்கிலீஷ்ல ஆடு மாடு அடைக்கிற எடம். பிளே அப்புறமா வந்து ஒட்டிக்கிச்சு. உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?"

"பட்டி. முள்ளுப் படல் வெச்சு அடைப்போம்."

"ஆடு ஓடிடாம இருக்கவா?"

"இல்லீங்க, நரி வராம இருக்க."

"நரி உள்ளயே பூந்துட்டா?"

"எங்கப்பா படலத் தொறந்து ஆட்டையெல்லாம் வெளிய வெரட்டிடுவாரு. அடைச்சே வெச்சிருந்தா ஒண்ணும் மிஞ்சாது."

குஷியாகத் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினான். ஆடு ஓடிவிடாமல் இருக்கத்தான் பட்டி என்று எழுதியிருந்தான்.

"நான் அப்படிச் சொல்லலையே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் தாரணி.

"எனக்கே சொல்லித் தர்றியாடி?"

குழந்தையை உள்ளே விட்டு ஜிப்பை இழுத்தாள். அதற்குள் முடி அவன் கையில். சார்ஜர் ஒயர் முதுகில் இறங்கிக்கொண்டே இருந்தது. சுவரில் மோதியதில் உதடு கிழிந்து ரத்தம் சுடிதாரில் சொட்டியது. படுபாவி, மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை.

வைஷ்ணவி அழவில்லை. வலைக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டினாள். "அம்மா, உள்ள வா."

"நீயும் பேசுறியா?" என்று திரும்பி எட்டி உதைத்தான். பிளேபென் குழந்தையோடு கவிழ்ந்தது. உள்ளிருந்து வீறிடும் சத்தம் கேட்டது.

தாரணி யோசிக்கவில்லை. அடுப்பு மேடையிலிருந்த குக்கரை இரு கையாலும் எடுத்து அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். விழுந்தவன் அவள் கணுக்காலைப் பிடித்தான். அந்தக் கைமேலும் ஒரு போடு. இத்தனை நாள் வாங்கியதில் அது கால்வாசிகூட இல்லை.

ஜிப்பைத் திறந்தாள். குழந்தையின் நெற்றி புடைத்திருந்தது. வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வாசல் கதவை விரியத் திறந்தாள்.

"எங்கடி போற? கதவச் சாத்துடி" என்று தரையில் கிடந்தபடி கத்தினான்.

அவள் சாத்தவில்லை. குழந்தையோடு படியிறங்கினாள்.