ஒரே அளவில் இரண்டு கொட்டகை

வக்கீல் மாரீஸ்வரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தேனியில் வாரம் ஒருநாள் அவள் எடுக்கும் சட்ட வகுப்பில் அன்று காலையும் பொரிந்து தள்ளினாள். அமெரிக்காவில் 1896-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கறுப்பருக்குத் தனி ரயில் பெட்டி வைக்கலாம், பெட்டி சமமாக இருந்தால் போதும் என்றது. அதே நீதிமன்றம் 1954-இல், பள்ளிக்கூட வழக்கில், பிரித்து வைப்பதே ஏற்றத்தாழ்வுதான் என்று மாற்றிச் சொன்னது. நடுவில் ஐம்பத்தெட்டு வருஷம்.

"சமமா இருக்குன்னு வாதாடுன வக்கீலுக்கு வெக்கமா இருந்திருக்காதா மேடம்?" என்று கேட்டாள் மாணவி அனுஷ்கா.

"அவன் சோத்தத்தான் தின்னானான்னு கேக்கணும்!" என்றாள் மாரீஸ்வரி. வகுப்பே சிரித்தது.

மதியம் கோர்ட்டில் அவளுடைய சொந்த ஊர் வழக்கு. காலனியைச் சேர்ந்த சந்தனம்மாள், தன் வீட்டுக்காரரை ஊர்ப் பொதுச் சுடுகாட்டில் எரிக்க விடாமல் தடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டிருந்தாள். இனி யாரையும் அப்படித் தடுக்கக் கூடாது என்று உத்தரவு வேண்டும் அவளுக்கு. பஞ்சாயத்துத் தலைவர் ஒச்சாண்டி, மாரீஸ்வரிக்குச் சித்தப்பா. வழக்கு வந்ததும் மனுஷன் சும்மா இருப்பாரா? காலனிக்கென்று ஓடைக்கு அந்தப் பக்கம் புதுச் சுடுகாட்டுக் கொட்டகையே கட்டிவிட்டார். அதே கொத்தனார், அதே தகரம், டேப் பிடித்து அளந்த அதே நீளம் அகலம். இந்தக் கெட்டிக்காரத்தனம் வேறு யாருக்கு வரும்? பஞ்சாயத்தின் பதில் மனுவை எழுதியது மாரீஸ்வரிதான்.

நீதிபதி அதைச் சத்தமாக வாசித்தார். "இரண்டு கொட்டகையும் எல்லா வகையிலும் சமம். ஆகவே தனித்தனியாக இருப்பதில் பாகுபாடு எதுவும் இல்லை."

மாரீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் காபி குடித்துக்கொண்டே டைப் அடித்த வரி. அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை. ஊர் வழக்கம்தானே என்று கை பாட்டுக்கு அடித்துக்கொண்டு போயிருக்கிறது. காலையில் காறித் துப்பிய வாதமேதான். ரயில் பெட்டி இருந்த இடத்தில் சுடுகாடு. அய்யோ, இதை நானா எழுதினேன்?

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று சந்தனம்மாளைக் கேட்டார் நீதிபதி.

அவள் கும்பிட்டாள். "வக்கீலம்மா எழுதுனது நெசந்தேங்கய்யா. கொட்டகையில ஒரு குறையுமில்ல. ரெண்டும் ஒண்ணுதேன்னா, அவுக வீட்டுல ஒரு சாவு விழுந்தா எங்க கொட்டகைக்குக் கொண்டு வருவாகளா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பின்பெஞ்சிலிருந்து ஒச்சாண்டி முன்னால் குனிந்து, "ஏதாச்சும் சொல்லு ஆத்தா," என்று கிசுகிசுத்தார்.

"பதில் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

மாரீஸ்வரி சித்தப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொண்டு வர மாட்டோம், ஐயா," என்றாள்.