நான்காம் நிமிடத்தில் அடித்த மணி

சலுகை வாங்கிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. பதினாறு ஆண்டுகளாக வனக் குழுவின் தலைவர் நான். என் மகளே குழுவின் முன் பேச வந்த அன்று, முதுகை இன்னும் நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

எங்கள் மலையின் இரண்டு சரிவுகளில் ஒன்றுக்குத்தான் வேலி. மற்றதில் மரம் வெட்டுவார்கள். கிழக்குச் சரிவில் துள்ளி என்ற சிறு விலங்கு இருக்கிறது: முயலில் பாதி உடம்பு, வயிற்றில் பை, பைக்குள் குட்டி. மேற்கில், மண்ணுக்கடியில் விளையும் ஒரு காளான். இரண்டுமே அருகிக்கொண்டிருந்தன. அந்தக் காளானுக்காக ஒன்பது வருஷம் மண்டியிட்டு மண்ணைக் கிளறியவள் என் மகள்.

ஆளுக்குப் பத்து நிமிடம் என்பது விதி. துள்ளிக்காகப் பேசிய கால்நடை மருத்துவர் பன்னிரண்டு எடுத்துக்கொண்டார். நான் மணியைத் தொடவில்லை.

மகள் முதல் படத்தைக் காட்டினாள்.

"அழுகின உருளைக்கிழங்கு மாதிரில்ல இருக்கு!" என்றார் முன்வரிசையில் இருந்த சர்வேயர்.

"இதுக்கும் பையில குட்டி இருக்காம்மா?" என்றேன் நான்.

சபை குலுங்கியது. "பெத்த பொண்ணையே விடல பாருங்க!" என்று யாரோ மெச்சினார்கள். அது எனக்குத் தலைக்கேறியது. நான்காம் நிமிடத்திலேயே மணியை அடித்தேன்.

"தலைவரே, இன்னும் ஒரே ஒரு படம்..."

"நேரம் முடிஞ்சது. உட்காரு."

துள்ளி ஜெயித்தது.

மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில் அவள் போட்டுவிட்டுப் போன காகிதங்களைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் படம். துள்ளி முன்னங்கால்களால் காளானைப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. கீழே மகளின் கையெழுத்து: 'கோடையில் துள்ளி மேற்குச் சரிவுக்கு வந்து தின்பது இதைத்தான். காளான் பரவுவதும் துள்ளியின் எச்சத்தால்தான். ஒன்று போனால் மற்றதும் போகும். இரு சரிவிலும் பாதிப்பாதி வேலி போடலாம்.'

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்தேன்.

ஏழு நாளுக்குள் தலைவர் தவறு நடந்த காரணத்தை எழுதிச் சபையில் படித்தால், முடிவை மறுபடி எடுக்கலாம். எழுதினேன். வாசலில் சேற்றுக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் நீட்டினேன்.

"கடிகாரக் கோளாறால் நேரம் தவறியது," என்று உரக்கப் படித்தாள். நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக் கடிகாரம் சரியாத்தான்பா ஓடுது. சபையில இருக்கறதும் அப்படித்தான்."

காளானைச் சொல்லிச் சிரித்தபோதுகூட அவள் முகம் இப்படிச் சுருங்கவில்லை.

காகிதத்தை வாங்கினேன். அந்த வரியை அடித்தேன். 'என் மகளுக்குரிய ஆறு நிமிடத்தை, என் நேர்மையைக் காட்டிக்கொள்வதற்காக, நான் பறித்தேன்' என்று எழுதினேன். நாளை நின்றுகொண்டு படிக்க வேண்டும். சர்வேயர் முன்வரிசையில்தான் இருப்பார்.